பழைய மென்பொருளுக்குத் தமிழ் முகம்: பில்லிங், கணக்கு மென்பொருள் உருவாக்கும் சிறு நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மளிகைக் கடைக்குப் பில் போடவும், அரிசி ஆலையின் இருப்பைப் பார்க்கவும், அடகுக் கடையின் வட்டியைக் கூட்டவும், பள்ளிக் கட்டணத்தை வரவு வைக்கவும் நீங்கள் எழுதிக் கொடுத்த மென்பொருள்கள் தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றுள் பல விஷுவல் பேசிக் 6, டெல்ஃபி 7 என்னும் பழைய நிரலாக்கக் கருவிகளில் எழுதப்பட்டவை. விஷுவல் பேசிக் 6 வெளிவந்தது 1998 இல். அதன் நிரலாக்கச் சூழலுக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலில் நிறுத்திக்கொண்டது. ஆனாலும் அதில் எழுதிய நிரல்கள் ஓடத் தேவையான இயக்க நூலகத்தை இன்றைய விண்டோஸிலும் வைத்திருக்கிறார்கள் என்பதால், உங்கள் வாடிக்கையாளர் புதுக் கணினி வாங்கும்போதும் அதே பழைய நிரலைத்தான் நிறுவித் தரச் சொல்கிறார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. இருபது ஆண்டுகள் பிழை களைந்து தேறிய நிரலை எறிந்துவிட்டு எல்லாவற்றையும் இணையச் செயலியாக மாற்றி எழுத வேண்டும் என்று கூறுவோருடன் எனக்கு உடன்பாடும் இல்லை.

இப்போது அந்த வாடிக்கையாளர்கள் திரையைத் தமிழில் கேட்கிறார்கள். ஓசூரிலிருந்து பெங்களூருக்கும், கோவையிலிருந்து பாலக்காட்டுக்கும் விற்கும் நிறுவனங்களிடம் கன்னடத்திலும் மலையாளத்திலும் கேட்கிறார்கள். உங்களில் பெரும்பாலோர் உடனே செய்வது ஒன்றுதான்: நிரலில் உள்ள ஆங்கிலச் சொற்களையெல்லாம் ஓர் எக்ஸெல் தாளில் இறக்கி, என்னைப் போன்ற மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து, ஒரு வாரத்தில் தமிழ்ச் சொற்களைப் பெற்று, அவற்றை நிரலில் ஒட்டப் பார்க்கிறீர்கள். ஒட்டிய இடத்திலெல்லாம் கேள்விக்குறிகள் தோன்றுகின்றன. அல்லது பொத்தானில் பாதிச் சொல் வெட்டுண்டு நிற்கிறது. அல்லது திரை தமிழாகி, அச்சில் கட்டங்கள் வருகின்றன. பிறகு, "தமிழ் இந்த மென்பொருளுக்குச் சரிப்பட்டு வராது" என்று விற்பனையாளர் சொல்லிவிடுகிறார். மொழிபெயர்ப்பு இந்த வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன்னர் நிரலில் செய்ய வேண்டியவற்றைச் செய்யாமல் அதைத் தொடங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் கேள்விக்குறிகளைப் பற்றி. பழைய விண்டோஸ் நிரல்கள் எழுத்துகளை ஆன்சி குறிப்பக்கம் என்னும் அட்டவணையின் வழியாகவே கையாண்டன. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கு 1252, ரஷ்ய மொழிக்கு 1251, அரபுக்கு 1256 என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று ஒருபோதும் ஒதுக்கப்படவில்லை. விண்டோஸில் இந்தியத் தமிழுக்குரிய வட்டார எண் 1097. அதன் ஆன்சி குறிப்பக்கம் எது என்று இயங்குதளத்தைக் கேட்டால் சுழியம் என்றே விடை வரும். இந்தி, கன்னடம், மலையாளம் ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். ஆகவே ரஷ்யாவில் ஒரு பழைய நிரலை மொழிபெயர்ப்பவர், கணினியின் பொது அமைப்பில் ரஷ்ய மொழியைத் தெரிவு செய்துவிட்டு வேலையை முடித்துவிடலாம். நமக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் தரும் ஒருங்குறியில் (யூனிகோட்) இயங்காத நிரலில் தமிழ் வராது. எத்தனை விலை உயர்ந்த உள்ளூர்மயமாக்கக் கருவியை வாங்கினாலும் இந்த உண்மை மாறாது.

விஷுவல் பேசிக் 6 இல் இது வேடிக்கையாகவே இருக்கும். அந்த மொழி தன் உள்ளே சரங்களை (எழுத்துத் தொடர்களை) ஒருங்குறியில்தான் வைத்துக்கொள்கிறது. அக்சஸ் 2000 உடன் வந்த ஜெட் 4.0 தரவுத்தளமும் ஒருங்குறியில்தான் சேமிக்கிறது. இடையில் நிற்கும் பொத்தானும் பட்டியலும் கட்டமும் மட்டும் ஒவ்வோர் எழுத்தையும் ஆன்சிக்கு மாற்றி வரையப் போய்த் தமிழை இழந்துவிடுகின்றன. எனவே தரவுத்தளத்தில் சரியாக இருக்கும் பெயர் திரையில் கேள்விக்குறியாகத் தெரியும். அதைத் திருத்துவதாக எண்ணிப் பணியாளர் சேமி பொத்தானை அழுத்தினால், கேள்விக்குறிகளே தரவாகப் பதிந்துவிடும். இதற்கு வழிகள் இல்லாமலில்லை. பொத்தான், பட்டியல் போன்ற ஆன்சி கட்டுப்பாடுகளின் இடத்தில் ஒருங்குறிக் கட்டுப்பாடுகளை வைக்கலாம். ஆஃபிஸுடன் வரும் ஃபார்ம்ஸ் 2.0 கட்டுப்பாடுகள் ஒருங்குறி அறிந்தவை; ஆனால் அவற்றைத் தனியே பிரித்து உங்கள் நிறுவியில் சேர்த்து அனுப்ப உரிமம் இடம் தராது. செய்திப் பெட்டியை விஷுவல் பேசிக்கின் சொந்தக் கட்டளையால் காட்டாமல், விண்டோஸின் அகல எழுத்து (ஒருங்குறி) செயற்கூற்றை நேரடியாக அழைத்துக் காட்டலாம். டெல்ஃபியில் எழுதியவர்களுக்கு வேலை எளிது: 2008 இல் வெளிவந்த டெல்ஃபி 2009 முதல் அதன் கட்டுப்பாடுகள் முழுவதும் ஒருங்குறிக்கு மாறிவிட்டன, நிரலைப் புதிய பதிப்பில் தொகுப்பதும், ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு என்று எண்ணி எழுதிய இடங்களைத் தேடித் திருத்துவதுமே வேலை.

விண்டோஸ் 10 இன் 1903 பதிப்பு முதல், ஒரு நிரல் தன் அறிவிப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து ஒருங்குறியைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையையே தன் ஆன்சி குறிப்பக்கமாக அறிவித்துக்கொள்ளலாம். இது வந்தபோது பலர் இனி எல்லாம் தானே சரியாகிவிடும் என்று மகிழ்ந்தார்கள். சி மொழி நிரல்களுக்கு இது பெரிதும் உதவும். ஆனால் திரையில் எழுத்து வரையும் ஜிடிஐ பகுதி, நிரலின் இந்த அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் கணினியின் பொதுக் குறிப்பக்கத்தையே பின்பற்றும் என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே சொல்கிறது. நமக்கு வேண்டியதோ திரையில் எழுத்து. ஆகவே அந்த ஒரு வரியை நம்பி வாடிக்கையாளருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிடாதீர்கள்.

"இத்தனை பாடு எதற்கு, எழுத்துருவை மாற்றினால் போதாதா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த பாமினி போன்ற எழுத்துருக்களால் ஒரு தலைமுறையே வேலை செய்தது. அன்றைக்கு வேறு வழியும் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களையும் (எழுத்துகளுக்கு எண் ஒதுக்கும் முறைகளையும்) தமிழ் 99 விசைப்பலகையையும் அறிவித்தபோது, அந்தக் குழப்பத்துக்குள் ஓர் ஒழுங்கு வந்தது. ஆனால் விண்டோஸ் 2000 தன்னுடன் லதா எழுத்துருவையும் தமிழ் ஒருங்குறி ஆதரவையும் கொண்டுவந்த பிறகு, 2010 இல் அரசே ஒருங்குறியைத் தரநிலையாக ஏற்ற பிறகு, புதிதாக ஒரு நிரலை எழுத்துரு ஏமாற்றில் வெளியிடுவதற்குக் காரணம் எதுவும் மிஞ்சவில்லை. அப்படி வெளியிடும் நிரலின் அறிக்கையைக் கணக்காளருக்கு மின்னஞ்சலில் அனுப்பினால் அவர் திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். அதில் எதையும் தேட முடியாது, வாட்ஸப்பில் வெட்டி ஒட்டவும் முடியாது.

இதைவிடக் கடினமான பகுதி, அந்த எழுத்துருக்களில் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும் தரவு. வாடிக்கையாளர் பெயர், ஊர், பொருள் பெயர் என்று பல ஆண்டுப் பதிவுகள் பாமினியிலோ டாப் குறியேற்றத்திலோ இருக்கலாம். இவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன; பைத்தான் மொழியில் எழுதப்பட்ட ஓப்பன்-தமிழ் நிரல்தொகுப்பிலும் அத்தகைய மாற்றிகள் உண்டு. கருவி தீர்க்காத சிக்கல் வேறொன்று. டாப் இருமொழிக் குறியேற்றம். அதில் ஆங்கிலம் தன் இடத்தில் இருக்க, தமிழ் மேற்பாதியில் இருக்கும். ஆகவே எது எந்த மொழி என்பதை இயந்திரமே அறியும். பாமினியிலோ இரண்டும் ஒரே இடத்தில் அமர்ந்திருக்கின்றன. பெயர்ப் புலத்தில் ஒருவர் தமிழில் தட்டியிருப்பார், அடுத்தவர் ஆங்கிலத்தில் தட்டியிருப்பார், மூன்றாமவர் தமிழ்ப் பெயருக்கு முன்னால் ஆங்கிலத் தலைப்பெழுத்தை இட்டிருப்பார். எழுத்துரு எது என்ற செய்தி தரவில் இல்லை. திரையில் மட்டுமே இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் ஆங்கிலப் பெயர்களெல்லாம் வாயில் நுழையாத தமிழாகிவிடும். ஆதலால் மாற்றத்தை அப்படியே தரவின்மேல் எழுதாமல், பழைய புலத்தைத் தொடாமல் விட்டு, அருகில் ஒரு புதிய புலத்தில் மாற்றி எழுதி, கடைக்காரரே இரண்டையும் ஒப்பிட்டு ஒப்புதல் தரும் ஒரு திரையையும் சேர்த்துக் கொடுங்கள். இந்தத் திரையை எழுதுவதற்கு ஆகும் காலத்தை யாரும் விலைப்புள்ளியில் சேர்ப்பதில்லை. முழு வேலையும் இங்கேதான் சறுக்குகிறது.

புலங்களின் நீளத்தையும் அப்போதே பாருங்கள். வெண்டைக்காய் என்னும் சொல்லில் எழுத்துகள் ஆறு. ஒருங்குறியில் அது பன்னிரண்டு குறியிடங்கள் (எழுத்துக்கும் அதன் மேல் வரும் குறிக்கும் தனித்தனி எண்கள்). யூடிஎஃப்-8 இல் 36 பைட்டுகள். பொருள் பெயருக்கு 30 பைட்டு ஒதுக்கியிருந்தால் பில்லில் வெண்டைக்கா என்று அச்சாகும். எஸ்க்யூஎல் சர்வர் தரவுத்தளம் வைத்திருப்பவர்கள் புலத்தின் வகையை மாற்றினால் மட்டும் போதாது. கட்டளைக்குள் நேரடியாக எழுதும் சரங்களுக்கு முன்னால் N என்னும் ஆங்கில எழுத்தை முன்னொட்டாக இட மறந்தால், அங்கேயும் அதே கேள்விக்குறிகள்தாம்.

இனி நிரலின் சொற்களுக்கு வருகிறேன். விண்டோஸின் வழக்கமான வளக் கோப்பில் உரையாடல் பெட்டிகளும் சர அட்டவணையும் இருக்குமானால், சிசுலைசர், பாசோலோ போன்ற கருவிகள் தொகுத்த நிரலையே திறந்து, பெட்டிகளைக் கண்ணால் பார்த்தபடி மொழிபெயர்க்கவும், அகலத்தைத் திருத்தவும், மொழிக்கு ஒரு டிஎல்எல் (நிரலுடன் சேரும் துணைக் கோப்பு) ஆக வெளியிடவும் உதவும். மூலநிரல் தொலைந்துபோன நிரலுக்குக்கூட இது கைகொடுக்கும். (மூலநிரல் தொலைந்த நிறுவனங்கள் எத்தனை என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன்.) ஆனால் விஷுவல் பேசிக் 6 தன் படிவங்களை அந்த வழக்கமான வடிவில் வைப்பதில்லை, வளக் கோப்புத் திருத்தியில் திறந்தால் உங்கள் படிவம் அங்கே தென்படாது. மூலநிரல் கையில் இருக்கும்போது நான் பரிந்துரைப்பது வேறு வழி. எல்லாச் சொற்களையும் நிரலிலிருந்து வெளியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் மாறாத ஓர் அடையாளம் கொடுத்து, யூடிஎஃப்-8 உரைக் கோப்பில் வையுங்கள். நிரல் தொடங்கும்போது அதைப் படித்துப் படிவங்களை நிரப்பட்டும். விஷுவல் பேசிக்கின் பழைய கோப்புக் கட்டளைகள் யூடிஎஃப்-8 ஐ அறியா. மைக்ரோசாஃப்ட்டின் தரவு அணுகு நூலகமான ஏடிஓவின் ஸ்ட்ரீம் பொருளைக் கொண்டு படிக்கலாம். டெல்ஃபிக்கு குனு கெட்டெக்ஸ்ட் என்னும் கட்டற்ற மொழிபெயர்ப்பு முறையின் வழியைப் பின்பற்றும் நிரல்தொகுப்பு உண்டு. அதன் கோப்புகளைப் போஎடிட் போன்ற இலவசக் கருவியில் எந்த மொழிபெயர்ப்பாளரும் திறந்து வேலை செய்வார். மைக்ரோசாஃப்ட்டின் புதிய தளமான டாட்நெட்டுக்கு நகர்ந்துவிட்டவர்கள் படிவத்தின் உள்ளூர்மயமாக்கப் பண்பை இயக்கினால், மொழிக்கொரு வளக் கோப்பு தானே உருவாகும். அப்போது இந்தியத் தமிழ் என்று குறுக்காமல் பொதுத் தமிழின்கீழ் சொற்களை வைத்து, நாணயமும் வரியும் போன்ற வேறுபாடுகளை மட்டும் நாட்டின்கீழ் வைத்தால், யாழ்ப்பாணத்துக் கடைக்கும் சிங்கப்பூர்க் கடைக்கும் அதே கோப்பு பயன்படும்.

சொற்களை வெளியே எடுக்கும்போது, துண்டுகளை ஒட்டிச் செய்த வாக்கியங்கள் கண்ணில் படும். வாடிக்கையாளர் பெயருக்கு முன் ஒரு துண்டு, பின் ஒரு துண்டு, அதன்பின் தொகை, அதன்பின் ஒரு முற்றுப்புள்ளி என்று ஆங்கில வரிசையில் கோத்து வைத்திருப்பீர்கள். அந்தத் துண்டுகளைத் தனித்தனியே மொழிபெயர்த்து அதே வரிசையில் கோத்தால் தமிழாகாது, கன்னடமும் ஆகாது. முழு வாக்கியத்தையும் ஒரே சரமாக்கி, பெயருக்கும் தொகைக்கும் எண்ணிட்ட இடங்களை விடுங்கள். எந்த எண்ணை எங்கே வைப்பது என்பதை மொழிபெயர்ப்பாளர் முடிவு செய்வார். அப்போதும் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டாமல் நிற்கும் இடங்கள் இருக்கும். அத்தகைய இடங்களில் வாக்கியத்தைக் கைவிட்டு, "வாடிக்கையாளர்: முருகன், நிலுவை: ரூ. 4,500" என்ற பட்டியல் நடைக்கு மாறிவிடுவதே நேர்த்தி. வளைந்து நெளிந்து எழுதும் வாக்கியத்தைவிடக் காசாளருக்கும் அதுவே விரைவாகக் கண்ணில் படும்.

அடுத்தது, பெரும்பாலான நிறுவனங்கள் கவனிக்கத் தவறும் ஒன்று. உங்கள் நிரலுக்கு ஒரு மொழிப் பொத்தான் போதாது. பில் போடும் பணியாளர் பார்க்கும் திரை ஒரு மொழி. வாடிக்கையாளர் கையில் பெறும் பில் ஒரு மொழி. சரக்கு சேவை வரிக் கணக்குக்காகப் பதிவேற்றும் கோப்பு ஒரு மொழி. இன்று தமிழகக் கடைகளில் வடமாநிலத்திலிருந்து வந்தவர்கள் பில் போடுகிறார்கள். அவர்களுக்குத் திரை இந்தியில் வேண்டியிருக்கலாம், பில் தமிழில் வர வேண்டும், வரிக் கோப்பின் தலைப்புகள் ஆங்கிலத்தில் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். ஒரே பொத்தானால் மூன்றையும் மாற்றும் நிரல் முதல் மாதக் கணக்கிலேயே மாட்டிக்கொள்ளும். 2017 ஜூலை 1 இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, மத்திய வரி, மாநில வரி என்று பில்லின் அமைப்பையே பிரித்து, பழைய நிரலுக்குள் அத்தனை மாற்றங்களையும் செய்துகாட்டியவர்கள் நீங்கள். திரை, பில், கோப்பு என்று மொழியை மூன்றாகப் பிரிப்பது அதைவிடச் சிறிய வேலை.

அச்சைப் பற்றிச் சுருக்கமாக. டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறியின் உரை முறையில் அதன் உள்ளே பொறித்த எழுத்துகளே வரும். பெரும்பாலானவற்றில் தமிழ் இல்லை. விண்டோஸ் இயக்கியின் வழியாகப் படமாக அச்சிட்டால் தமிழ் வரும், வேகம் குறையும். சிறிய வெப்ப அச்சுப்பொறிகளுக்கும் தமிழ் வரிகளைப் படமாக்கியே அனுப்ப வேண்டியிருக்கிறது. கூட்டம் மிகுந்த கடையில் இந்த வேகம் பெரிய செய்தி. எனவே பொருள் பெயர்களை மட்டும் படமாக்கி, எண்களையும் கோடுகளையும் உரை முறையிலேயே விடுவது நல்ல சமரசம். அறிக்கை தயாரிக்கும் கருவியான கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸின் 8.5 பதிப்பில் செய்த அறிக்கைகளை வைத்திருப்பவர்கள், அது ஒருங்குறி அறியாதது என்பதைத் திட்டமிடும்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

திரையில் எட்டுப் புள்ளி அளவில் வைத்த எழுத்து ஆங்கிலத்துக்குப் போதும். தமிழில் கொம்பும் சுழியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கறையாகத் தெரியும். நிர்மலா யூஐ எழுத்துருவை ஒன்பது அல்லது பத்துப் புள்ளியில் வைத்து, கட்டங்களின் உயரத்தையும் சற்றுக் கூட்டுங்கள். விண்டோஸ் 7 இல் அந்த எழுத்துரு இல்லை என்பதால் அங்கே லதா. பொத்தான்களின் அகலத்தைச் சோதிக்க மொழிபெயர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆங்கிலச் சொற்களையே ஒன்றரை மடங்கு நீட்டி, தலையிலும் வாலிலும் ஏதாவது தமிழ் எழுத்தைச் சேர்த்து ஒரு பொய் மொழிக் கோப்பு உருவாக்கி ஓட்டிப் பாருங்கள். வெட்டுப்படும் இடங்களும், நிரலுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு கோப்புக்கு வராத சொற்களும் ஒரே பகலில் வெளிப்பட்டுவிடும்.

அகரவரிசையும் தேடலும் தனிக் கவனம் கேட்பவை. குறியிட எண்ணின்படி வரிசைப்படுத்தினால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், வகரம் ழகரத்துக்குப் பின்னும் வந்து நிற்கும். பள்ளியில் படித்த வரிசையை எதிர்பார்க்கும் கடைக்காரர், பெயர் பட்டியலில் இல்லை என்றே எண்ணிவிடுவார். தரவுத்தளத்தில் தமிழ் அகரவரிசையைப் பின்பற்றும் வரிசைமுறை இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். கொத்தமல்லி என்பதன் முதலெழுத்தை ஒரே உயிர்மெய்க் குறியாகவும் தட்டலாம். ஒற்றைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றே, தேடலில் வெவ்வேறு. சேமிக்கும்போதே ஒரே வடிவுக்கு இயல்பாக்கி விடுங்கள். குறியேற்றம் மாற்றிப் பெற்ற பழைய தரவில் இது அடிக்கடி காணப்படுவது.

இவையெல்லாம் முடிந்த பிறகு மொழிபெயர்ப்பாளரிடம் வாருங்கள். வரும்போது வெறும் சொற்பட்டியலைத் தராமல், ஒவ்வொரு சொல்லும் எந்தத் திரையில், பொத்தானாகவா தலைப்பாகவா, எத்தனை எழுத்து இடத்தில் வருகிறது என்ற குறிப்பையும், ஓடும் நிரலின் ஒரு படியையும் கொடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் வரைவு எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. திரையைப் பார்க்காத இயந்திரமும் திரையைப் பார்க்காத மனிதரும் ஒரே வகைப் பிழைகளையே செய்வார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். கலைச்சொற்களில் ஐயம் எழுந்தால், அகராதியை நாடும் முன்பு நாள்தோறும் அந்தத் திரையின் முன் அமர்பவரைக் கேளுங்கள். அவர் பில் என்றால் பில் என்றே இருக்கட்டும். குறுக்கு விசைகளையும் செயல் விசைகளையும் மாற்றாதீர்கள். விரல்கள் பழகிய இடத்தைத் தமிழாக்கத்தின் பெயரால் குலைக்க வேண்டாம்.

மொழிக் கோப்பைப் பூட்டி வைக்க வேண்டாம் என்பதும் என் வேண்டுகோள். கோப்புச் சுருக்கும் செவன்-சிப், உரை திருத்தும் நோட்பேட்++ ஆகிய இரண்டும் பல ஆண்டுகளாக ஓடும் மேசைக்கணினி மென்பொருள்கள். இரண்டும் தம் மொழிக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கும் வகையில் தனிக் கோப்புகளாகவே நிறுவலுடன் வைக்கின்றன. தமிழ் உட்படப் பல மொழிகள் அவற்றுக்குக் கிடைத்ததில் இந்த ஏற்பாட்டுக்குப் பெரும் பங்குண்டு. உங்கள் நிரல் வணிக நிரல்தான். அதன் மூலநிரலை யாரும் கேட்கவில்லை. சொற்கோப்பு மட்டும் திறந்திருந்தால், பாலக்காட்டு முகவர் மலையாளத்தைத் தாமே திருத்தி அனுப்புவார். உங்களுக்கு அதில் செலவு இல்லை.

எல்லாவற்றையும் அடுத்த பதிப்பிலேயே செய்துவிட இயலாது என்பதை அறிவேன். சொற்களை வெளியே எடுப்பதையும் திரைகளை மாற்றுவதையும் படிப்படியாகச் செய்துகொள்ளலாம். பழைய எழுத்துருவில் கிடக்கும் தரவை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்; எந்தப் பதிவு எந்த எழுத்துருவில் தட்டப்பட்டது என்று நினைவிலிருந்து சொல்லக்கூடிய பணியாளர்கள் அந்தக் கடைகளில் வேலையில் இருக்கும்போதே அதை ஒருங்குறிக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் மொழிபெயர்ப்பாளர் ஒருவர்